ஆடிட்டர் வீட்டுப் பெண்

"இது என்ன கோலம்? ஆடிட் ஆபீஸ்ல வேலை கத்துக்கப் போனியா, மூட்டை தூக்கப் போனியா?"

மகளைச் செருப்பு கழற்றக்கூட விடவில்லை ஆடிட்டர். அவள் தலைமுடியெல்லாம் தூசி. தும்மல் வேறு நின்றபாடில்லை.

"பழைய ஃபைலையெல்லாம் பரண்லேர்ந்து இறக்கித் தூசி தட்டி அடுக்கினேம்பா."

"நேத்து?"

"நாள் பூரா ஜெராக்ஸ்."

"அதுக்கு முந்தின நாள்?"

"மாமாவோட மூக்குக்கண்ணாடி உடைஞ்சு போச்சு. கடையில குடுத்து வாங்கிட்டு வந்தேன்."

ஆடிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மாமா என்று சொல்வது வேறு யாரையும் இல்லை, அவருடைய உயிர் நண்பரைத்தான். அவரும் ஆடிட்டர். சொந்தப் பிள்ளையைச் சொந்த ஆபீஸில் வைத்துக்கொண்டால் செல்லத்திலேயே கெட்டுப்போகும் என்று இரண்டு பேரும் கூடிப் பேசி, பிள்ளைகளை மாற்றிக்கொண்டார்கள். இவர் பெண் நண்பரிடம் பயிற்சி, நண்பரின் பையன் இவரிடம் பயிற்சி. "உன் பொண்ணு இனிமே என் பொண்ணு" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன மனுஷன்!

"நாளையிலேர்ந்து நீ அங்க போகாதே. வேற ஆபீஸ் பார்க்கறேன்."

"வேண்டாம்பா. நான் ஆடிட்டர் ஆகணும். பாதியில விட்டுட்டு ஓடி வர மாட்டேன். அங்கேயே கத்துக்கிட்டுத்தான் வெளியே வருவேன்."

"என்னத்தைக் கத்துக்குவே? ஒரு கணக்கையாவது கண்ணுல காட்டினானா அவன்?"

"தினமும் கேக்கறேன். நாளைக்கும் கேப்பேன். குடுக்கற வரைக்கும் விட மாட்டேன்."

"பிடிவாதத்துல அப்பனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நண்பரின் பையன்தான்.

"சார், நாளைக்கு பேங்க் ஆடிட்டுக்கு நானும் வரட்டுமா? ஒரு ஓரமா உட்கார்ந்து பார்த்துக்கறேன் சார். தொந்தரவே பண்ண மாட்டேன்."

"அதுக்கெல்லாம் நேரம் வரும். நாளைக்குக் காலையில வந்து என் காரை எடுத்துட்டுப் போய் சர்வீஸ்ல விடு. முடியற வரைக்கும் அங்கேயே இரு."

"சரி சார்." குரல் கம்மிப்போயிருந்தது.

"வந்து ஒரு வருஷம் ஆகலை, அதுக்குள்ள பேங்க் ஆடிட் கேக்குதாம் துரைக்கு!" என்று போனை வைத்தவர், வைத்த கையோடு மறுபடி எடுத்தார். "இப்பப் பாரு, உங்க மாமாவை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அதுகூடத் தெரியலையே அந்த ஆளுக்கு!"

மகள் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ, மாமாவைக் கூப்பிடாதீங்கப்பா! அவர் பையனைக் கூப்பிடுங்க. கார் வேண்டாம், பேங்க்குக்கு வந்துடுன்னு சொல்லுங்க."

"அவனுக்கு எதுக்குடி நீ சிபாரிசு?"

"சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். உங்க ஆபீஸ்ல இன்னிக்கு என்ன வேலை குடுத்தாங்கன்னு மாமா தினமும் அவன்கிட்ட கேக்கறார். மறுநாள் அதே வேலையைத்தான் எனக்குக் குடுக்கறார்."

ஆடிட்டரின் பார்வை மகளின் தலைமுடித் தூசிக்குப் போனது.

மகள் போனை அவர் கையில் திணித்தாள்.

"சீக்கிரம் பேசுங்கப்பா. நாளைக்கு அவன் பேங்க்குக்குப் போனாத்தான், நாளன்னிக்கு நான் போக முடியும்!"