பதில் விளக்கு

புனே சாங்வியில் எங்கள் எதிர்வீட்டுச் சபரி, கருவிகளுக்குப் பேசக் கற்றுத்தரும் இன்ஜினியர். பெற்றவளிடம் பேசத்தான் நேரமிருக்காது. படுக்கையில் கிடந்த அம்மா மங்கையர்க்கரசிக்கு அவனே ஒரு பொத்தான் பெட்டி செய்துகொடுத்தான். அழுத்தினால் அவன் போனுக்குத் தகவல் போகும். அவன் பார்த்துவிட்டதாகப் பதில் அனுப்பினால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். பதில் வராவிட்டால் பெட்டி திரும்பத் திரும்பக் கூப்பிடும்.

அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"சபரிக்குப் போன் போடட்டுமா?"

"வேண்டாங்க. பச்சை எரிஞ்சிருச்சு. பையன் கிளம்பியிருப்பான்."

அவன் கிளம்பவில்லை. மீட்டிங்கில் தொந்தரவாம்; பார்க்காமலே பச்சை எரியும்படி மாற்றி வைத்திருந்தான். இதெல்லாம் பிறகு நான் துருவித் துருவிக் கேட்டறிந்தது.

அந்த அம்மாவின் காரியம் முடிந்தபின் ஒருநாள் உறைமோர் கேட்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். பெட்டி மேசைமேல் திறந்து கிடந்தது. பேட்டரி ஜன்னலோரம் தனியே இருந்தது.

"என்ன சபரி, ரிப்பேரா?"

"தானா பதில் போறதை எடுத்துட்டேனுங்க்கா. இப்ப நானே பார்த்து அனுப்பறேன்." தலை நிமிரவில்லை.

போன் ஒலித்தது. அவன் பதில் அனுப்பினான். பேட்டரியில்லாத பெட்டியில் பச்சை எரிந்தது. உடனே போன் மறுபடி ஒலித்தது.

"பதில்தான் போயிருச்சே, பின்னே ஏன் கூப்பிடுது?"

"அம்மா இப்ப பச்சையை நம்பறதில்லீங்க்கா" என்றபடி மறுபடி பதில் அனுப்பினான்.