முதல் பழம்

எரிமலை வாயின் விளிம்பில் மூடுபனி ஏறிக்கொண்டிருக்கிறது. காலையில் மழைக்காட்டுக்குள் நனைந்த சட்டைகள் இன்னும் காயவில்லை. மத்தியானக் கடற்கரையின் கறுப்பு மணல் வேன் படிகளில் ஒட்டிக் கிடக்கிறது. பயணிகள் ஆறு பேரும் பாறை வெடிப்பில் கிளம்பும் ஆவியில் கைகளைக் காட்டிக் குளிர்காய்கிறார்கள். வழிகாட்டி கபுவா புதரிலிருந்து சிவப்பு ஒஹெலோ பழம் ஒன்றைப் பறித்து, எரிமலைத் தாய் பேலேவுக்கென்று பள்ளத்துக்குள் வீசுகிறாள். அதற்குப் பிறகுதான் தன் வாயில் ஒன்று போட்டுக்கொள்கிறாள். "என்னம்மா, அவ பசியாறிட்டாளா?" என்று சிரிக்கிறார் டிரைவர் தமுரா. வருஷக்கணக்காக இதே கிண்டல்தான். போன தடவை வழிந்த நெருப்புக் குழம்பு அவர் வீட்டு வேலியோரம் வந்து உறைந்து நின்றது. கேட்டால், "நடந்து நடந்து அதுக்கே அலுத்துப்போச்சு" என்பார். கபுவா பயணிகள் பக்கம் போய்விட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். பனிக்குள் அவர் மட்டும் குனிந்து, புதரின் இலைகளை விலக்கி விலக்கித் தேடிக்கொண்டிருக்கிறார். வேன் சாவியைத் தொலைத்துவிட்டாரா? அவள் சத்தமில்லாமல் நெருங்குகிறாள். எதையோ கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார், சட்டையில் துடைக்கிறார், பள்ளத்துக்குள் எறிகிறார். "என்ன அங்கிள் அது?" அவர் திடுக்கிட்டுத் திரும்புகிறார். "அழுகின பழம்மா. தூக்கிப் போட்டேன்," என்று சிரித்து மழுப்புகிறார். "அழுகினதையா அவளுக்குப் போட்டீங்க?" கீழே எங்கோ ஆவி உஸ்ஸென்று எழுகிறது. தமுராவின் சிரிப்பு நின்றுபோகிறது. "சேச்சே," என்கிறார் அவசரமாக, கபுவாவைப் பார்த்து அல்ல, பள்ளத்தைப் பார்த்து, "புதர்லயே அதுதான் நல்ல பழம்."