பேச்சு சரியில்லை

மாமியார் தைலம்மாளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்த மலர்விழிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அப்புறம் என்னம்மா தொந்தரவு?" என்றார் டாக்டர்.

"நேத்துலேர்ந்து பேச்சு சரியில்லீங்க."

"உளறுறாங்களா?"

"இல்லீங்க. தெளிவாத்தான் பேசுறாங்க."

"பின்னே?"

மலர்விழி தலையைக் குனிந்துகொண்டாள். "வூட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் என்னைத் தங்கமான பொண்ணுன்னு சொல்லிக்கினு இருக்காங்க சார். பத்தொன்பது வருசத்துல இப்படிச் சொன்னதே இல்ல."

டாக்டர் சிரிக்கவில்லை. சிறுநீரைச் சோதிக்க எழுதிக்கொடுத்தார். முடிவு வந்ததும், "கிருமி தொத்தியிருக்கு. தளர்ந்த உடம்புல சில நேரம் காய்ச்சலே வராது. புத்திதான் முதல்ல தடுமாறும். நல்லவேளை, கவனிச்சீங்க" என்றார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே தைலம்மாள் கண்ணை உருட்டினாள். "ஏண்டி மூதேவி, மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?"

"சரியாயிட்டாங்க சார்!" என்று டாக்டரிடம் ஓடிய மலர்விழி, பாதி வழியில் நின்று மாமியாரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.