கடைசி வண்டிக்காரர்

கம்பைச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகிக்கொண்டு டிராயிங் மாஸ்டர் சந்திலிருந்து வெளியே வந்தபோது, ஒரு கூட்டமே பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது.

குழாய் பதிக்கச் சாலையோரம் நெடுக வெட்டிப்போட்ட பள்ளம். ராத்திரி மழையில் இடுப்பளவு கலங்கல் தண்ணீர். பஸ் கண்டக்டர், இரண்டு லாரிக்காரர்கள், டை கட்டிய ஒருத்தர் என்று ஏழெட்டுப் பேர் குனிந்து துழாவிக்கொண்டிருந்தார்கள்.

சாலையின் இரண்டு முனையிலும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அதிசயம்தான், ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை.

“யாரோ சைக்கிள்காரரு அந்த முனைக்கு வந்து சேரலைங்க, உள்ள விழுந்துட்டாரு போல, முக்கா மணி நேரமாத் தேடுறோம். நீங்களும் ஒரு கை குடுங்க” என்றார் கண்டக்டர், தலை நிமிராமலே.

அந்தச் சைக்கிள்காரர் சாட்சாத் மாஸ்டரேதான்.

சாலை வேலை நடக்கும் ஒரு கிலோமீட்டருக்கும் ஒற்றைப் பாதை. இந்த முனையில் கொடிக்கார அம்மா, அந்த முனையில் அவள் புருஷன். நடுவில் வளைவு இருப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் இந்தப் பக்கம் விடுகிற கடைசி வண்டியிடம் ஒரு சிவப்புக் கம்பைக் கொடுத்து அனுப்புவாள். அது புருஷன் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கிருந்து வண்டி கிளம்பும். போனில் சொன்னதை நம்பி இரண்டு பஸ் நேருக்கு நேர் வந்து நின்ற நாளிலிருந்து இப்படி ஓர் ஏற்பாடு.

சைக்கிளுக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாது. இறங்கி, ஓரத்தில் வைத்த தடுப்பு டிரம்முகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. சைக்கிளும் வண்டிதானே, நாங்கள் மட்டும் என்ன இளக்காரமா என்று பத்து நாளாக அவளிடம் மல்லுக்கு நின்றார். பஸ்காரனுக்கும் லாரிக்காரனுக்கும் நெஞ்சில் ஈரமே கிடையாது என்று போகிற போக்கில் பாடம் வேறு நடத்தினார்.

இன்று காலை அவள் சிரித்துக்கொண்டே கம்பை நீட்டினாள். “இன்னைக்கு நீங்கதான் சார் கடைசி வண்டி.”

மனுஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை. கேரியரில் இருந்த சார்ட் சுருளோடு கம்பையும் செருகிக்கொண்டு, நடு ரோட்டில் நெஞ்சை நிமிர்த்தி மிதித்தார்.

பாதி வழியில் பள்ளிக்கூடத்துச் சந்து வந்தது. தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள், ஆனால் சைக்கிள் நுழைய இடம் இருந்தது. மணி அடிக்க மூன்று நிமிஷம். தினமும் திரும்புகிற இடம், கை தானாகத் திருப்பிவிட்டது.

ஆறாம் வகுப்பில் சார்ட்டைப் பிரித்தபோதுதான் கம்பு மேஜையில் உருண்டது.

இப்போது பள்ளத்தின் கரையில் இன்ஜினியர் கொடிக்கார அம்மாவை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். சைக்கிள்காரனிடம் யார் கொடுக்கச் சொன்னது, ஆள் போயிருந்தால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை கிடையாது. அவள் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மானம் போகும், அவ்வளவுதான். வெட்கம்கெட்ட மனுஷனுக்கு அந்த மானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

பள்ளத்தில் சாத்தியிருந்த ஏணியில் இறங்கினார். எல்லோரோடும் சேர்ந்து தன்னையே தேடினார்.

பிள்ளைகுட்டிக்காரரோ என்னவோ, பாவம் என்று டை கட்டியவர் முனகியது காதில் விழுந்தது. மாஸ்டர் மெல்ல நகர்ந்து ஒதுக்குப்புறமாகப் போனார். சட்டைக்குள்ளிருந்து கம்பை உருவி, நுனி வெளியே தெரியும்படி ஓரத்துச் சேற்றில் குத்தினார். கம்பு கிடைத்தால் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், வண்டிகள் கிளம்பும், தானும் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிடலாம். படித்த மண்டைக்குள் ஓடிய புத்தி அவ்வளவுதான்.

கம்பு இருக்கிற இடத்தில்தானே ஆளும் இருப்பார் என்பது உறைக்கவில்லை.

கரையிலிருந்து அதை முதலில் கண்டவள் கொடிக்கார அம்மா. ஆரஞ்சு ஜாக்கெட்டோடு அப்படியே குதித்தாள். பக்கத்தில் நிற்பது யார் என்றுகூடப் பார்க்கவில்லை. கழுத்து வரை தண்ணீருக்குள் குனிந்து, அழுதுகொண்டே இரண்டு கையாலும் துழாவினாள்.

ஒரு கால் கையில் சிக்கியது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கிடைத்துவிட்டார் என்று ஊருக்கே கேட்கும்படி அலறினாள்.

பிறகு அந்தக் காலைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெஞ்சுப் பக்கம் மடிப்புக்கூடக் கலையாமல் காய்ந்திருந்தது. விரலெல்லாம் கலர் சாக்பீஸ் தூள்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அங்கேயே கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் மாஸ்டர் பிழைத்திருப்பார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அலறல் கேட்டு அத்தனை பேரும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். லாரிக்காரர் ஒருத்தர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“முங்குங்க சார், சீக்கிரம். சட்டை காஞ்சிருக்கு” என்று அவர் தலையில் கை வைத்து அமுக்கினாள்.

மாஸ்டர் முங்கினார். எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை.