கருகின டாம்பர்

"இதுக்கு அந்த சிமெண்ட் ரொட்டியவே கடிச்சிருக்கலாம்!"

கேரவனில் வந்த ஆள் வாயைத் துடைத்தபடியே தெல்மாவின் கடைக்குள் நுழைந்தார். "சூடா ரெண்டு மீட் பை குடும்மா. வாயெல்லாம் கரி."

கறி அடைத்துச் சுட்ட பை ரெண்டைத் தெல்மா எடுத்துக் கொடுத்தாள். காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் இதே புலம்பல். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நின்று நின்று கால் வேறு கடுத்தது. புருஷன் ஹெர்ப் இறந்ததிலிருந்து கடையை ஒற்றை ஆளாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தாள்.

நெடுஞ்சாலைக்கு எதிர்ப்புறம் வீட்டு உயரத்துக்கு நின்றது சிமெண்டில் செய்த ராட்சத டாம்பர் ரொட்டி. ஊரின் பெருமையே அதுதான். அதைப் பார்த்துத்தான் வண்டிகள் நிற்கும். படம் எடுத்துக்கொள்வார்கள், விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள்.

அதன் நிழலில் பெரியவர் கிளாரி நெருப்பு மூட்டி, கங்குக்குள் இரும்புச் சட்டியைப் புதைத்து, நிஜ டாம்பர் சுட்டு ஆளுக்கொரு துண்டு சும்மா கொடுப்பார். கவுன்சில் ஏற்பாடு.

ஒரு காலத்தில் அந்த ரொட்டிக்கு ஊரே அடிமை. இப்போதெல்லாம் தினமும் கரிக்கட்டைதான். கண் போய்விட்டது என்றார்கள் சிலர். குடிக்கிறார் என்றார்கள் சிலர்.

தெல்மா விறுவிறுவென்று சாலையைத் தாண்டினாள்.

"என்னய்யா கிளாரி, ஊர் மானத்தையும் சேர்த்தா கருக்குவே? முடியலைன்னா வீட்ல கிட!"

"நெருப்பு அப்படி இருக்கு தெல்மா, நான் என்ன பண்ண?" அவர் தலை நிமிரவில்லை.

அன்று மாலையே கவுன்சிலில் புகார் கொடுத்தாள். கிளாரியை நிறுத்திவிட்டார்கள்.

புதிதாக வந்த டாரல் சுட்டால் பொன்னிறம். ஊரே மெச்சியது. வந்தவர்கள் வெண்ணெயும் பாகும் ஊற்றி ஊற்றித் தின்றார்கள். ஏப்பம் விட்டார்கள். வண்டியேறிப் போனார்கள்.

தெல்மாவின் கடைப் பக்கம் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. சுட்டு வைத்ததெல்லாம் கோழிக்குப் போனது. இப்படியே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழக்கூடத் தெம்பில்லை.

வயசான மனுஷனை வீட்டில் உட்கார வைத்துவிட்டோமே என்ற உறுத்தல் வேறு. ஒரு சாயங்காலம், மீந்துபோன மீட் பை ரெண்டை எடுத்துக்கொண்டு கிளாரியின் வீட்டுக்குப் போனாள்.

கொல்லையில் அவர் தனக்காக ஒரு டாம்பர் சுட்டுக்கொண்டிருந்தார். சட்டியிலிருந்து கவிழ்த்து, அடியில் ஒரு தட்டு தட்டினார். வெந்த ரொட்டியின் சத்தம் கணீரென்று வந்தது. பிய்த்து நீட்டினார்.

தெல்மா வாயில் வைத்தாள். பஞ்சு மாதிரி இருந்தது. ஒரு பொட்டுக் கருகல் இல்லை.

"பாவி மனுஷா! கை அப்படியேதான் இருக்கு. அங்க மட்டும் ஏன்யா கருக்கினே?"

கிளாரி கங்கைக் கிளறினார்.

"ஹெர்ப் போயிட்டான், நீ தனியா நிக்கறே. என் ரொட்டியிலயே வயிறு நிறைஞ்சுட்டா, ரோட்டைத் தாண்டி உன் கடைக்கு எவன் தாயி வருவான்?"