சம்பளத்தோடு ஒரு நாள் லீவு

"அவ உன் கையைப் பிடிச்சு அழுதா, உடனே நீயும் உருகிட்டியாக்கும்?" என்று கேட்டேன்.

"அப்படிப் பேசாதே, லூ. ஜென்ட்ரி மேடம் மனசு எனக்குத் தெரியும்" என்றாள் வெர்லின் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அலபாமாவில் எங்கள் கோழித் தொழிற்சாலையில் அக்கா பத்தொன்பது வருஷமாக இறைச்சியிலிருந்து எலும்பை எடுக்கிற வரிசையில் நிற்கிறாள். குளிரிலும் கத்தியிலும் விரல்கள் மரத்துப்போய், காபிக் கோப்பையைக்கூட இரண்டு கையால்தான் பிடிக்கிறாள். சூப்பர்வைசர் வேலை காலியானபோது அவளுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். அது கிடைத்தால் கத்தியைக் கீழே வைத்துவிடலாம்.

கிடைத்தது கெய்லிக்கு. வந்து எட்டு மாதம்கூட ஆகாத வெள்ளைக்காரப் பெண். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அக்காதான்.

நியாயம் கேட்கப் போனவளிடம் மேனேஜர் சொன்னாராம்: "உங்க கறுப்பு ஜனங்களுக்குக் கத்திதான் சரிப்படும், வெர்லின். ஆளுங்களை மேய்க்கிறதெல்லாம் வேற."

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. பக்கத்துப் பர்மிங்காம் நகரத்தில் அதற்கென்றே அரசாங்க அலுவலகமும் இருக்கிறது. "போய்ப் புகார் கொடு" என்று அன்றைக்கே தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன்.

அக்கா போனதோ ஹெச்.ஆர். ஜென்ட்ரி மேடத்திடம். கதவைச் சாத்திக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்து ஜெபம் பண்ணி அழுதாளாம் அந்த வெள்ளைக்காரி. "மேலிடத்தில நான் பேசறேன், கண்ணு. வெளியில போனா அவங்க முறுக்கிக்குவாங்க. எனக்குக் கொஞ்சம் டைம் குடு" என்றாளாம்.

அக்காவும் காத்திருந்தாள். கோடை போனது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் பண்டிகையும் போனது. வாரம் ஒரு ஜெபம், நடுநடுவே மேடம் தன் கையால் செய்த பீக்கன் கொட்டைப் பலகாரம். அவ்வளவுதான் நடந்தது.

"உன்னை நல்லா ஏமாத்தறா" என்றேன்.

"எனக்காக அழுதவளையே நம்பலைன்னா யாரைத்தான் நம்பறது, லூ? அவ முதுகுக்குப் பின்னால போய்ப் புகார் குடுக்க எனக்கு மனசு வரலை."

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை மேடம் கூப்பிட்டாள். "என்னால முடியலை, கண்ணு. மேலிடத்தில மறுத்துட்டாங்க. நீ பர்மிங்காமுக்கே போ, நான் தடுக்க மாட்டேன்" என்றாளாம். முகவரியைக்கூட அவளே எழுதிக் கொடுத்து, போய்வரச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவும் போட்டுக் கொடுத்தாள்.

கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. தன் கம்பெனி மேலேயே புகார் கொடுக்க வழி சொல்கிறாளே, இவளையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம்? என் காரிலேயே அக்காவை அழைத்துப் போனேன். "வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்க்கா" என்று வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டேன்.

அலுவலகத்தில் இருந்த பையன் எங்கள் ஜனம்தான். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"கெய்லிக்கு அந்த வேலையைக் குடுத்தது எந்தத் தேதிம்மா?"

அக்கா சொன்னாள். அவன் காலண்டரைப் புரட்டினான். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டான்.

"எழுதிக் குடுத்தா வாங்கிக்கறேன்மா. ஆனா நிக்காது. நூத்தியெண்பது நாளுக்குள்ள இங்க வந்திருக்கணும். கம்பெனிக்குள்ள பேசிட்டிருந்தோம்னா அதைச் சட்டம் கணக்கில எடுத்துக்காது."

"எப்ப முடிஞ்சுது?" என்றேன் நான்.

"நேத்து. புதன்கிழமை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயோ, இந்த விஷயம் ஜென்ட்ரி மேடத்துக்குத் தெரியாமப் போச்சேக்கா!"

அக்கா மேடம் எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டை எடுத்துப் பார்த்தாள்.

"நான் திங்கக்கிழமைக்குத்தான் லீவு கேட்டேன், லூ. 'அவசரப்படாதே, வியாழக்கிழமை போ'ன்னு மாத்திப் போட்டது அவங்கதான்."