எட்டு மாடிக் கையெழுத்து

“செவ்வாய்க்கிழமை எட்டு மாடியும் ஏறினது யாரு?”

மேலாளர் அம்மா ரோந்துத் தாளை மேஜையில் திருப்பி வைத்தார்.

காவலாளிகளின் சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். மாடிக்கு ஒன்றாக எட்டுக் கையெழுத்து.

“நம்ம புயல்தான் மேடம்.”

புயலுக்கு வயது இருபத்திரண்டு. படிகளை மூன்று மூன்றாகத் தாவுவதால் கிடைத்த பட்டம் அது. தடுப்பூசி போட்ட மூன்றாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இதயத் தசையில் அழற்சி. பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருமாம். எந்தக் குலுக்கலிலும் விழாத அவன் பெயர் இதில் மட்டும் தவறாமல் விழுந்திருந்தது.

“சரியாயிடும். ஆனா மூணு மாசம் படிக்கட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதே” என்றார் டாக்டர்.

கம்பெனி விதியோ, படி ஏற முடியாதவருக்குக் காவல் வேலை கிடையாது என்றது.

ஆகவே விஷயம் மேலே போகவில்லை. புயல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தான். மற்ற மூன்று காவலாளிகளும் முறை வைத்து அவன் ரோந்தையும் சேர்த்து ஏறி, அவன் பெயரைப் போட்டுவிட்டு இறங்கினார்கள்.

“அவனேதானா? நல்லாத் தெரியுமா?”

“சத்தியமா மேடம்.”

சத்தியம் இவ்வளவு சுலபமாக வருமென்று சூப்பர்வைசருக்கே அன்றுதான் தெரிந்தது.

மேலாளர் இழுப்பறையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார்.

“இது புயலோட லீவ் லெட்டர். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில ஸ்கேன்னு எழுதியிருக்கான். லீவு குடுத்தது நான்.”

முழுப் பூசணிக்காய் சோற்றிலிருந்து எட்டிப் பார்த்தது.

“மேடம்... அவனை அனுப்பிடாதீங்க. வீட்டுல அவன் ஒருத்தன் சம்பாத்தியம்தான். யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்க. ஆனா ஒண்ணு, ரோந்து ஒருநாளும் நிக்கல. பசங்க நிஜமாவே ஏறினாங்க.”

“தெரியும். ஒரு மாசமா கேமராவுல பாத்துட்டுத்தானே இருக்கேன்.”

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார்.

மேலாளர் ஒரு வெற்றுத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

“நாளைக்குத் தலைமை ஆபீஸ்லேருந்து இதையெல்லாம் பாக்க வர்றாங்க. செவ்வாய்க்கிழமைத் தாளை மாத்தி எழுதிக் கொண்டாங்க. அப்புறம் உங்க பசங்ககிட்ட சொல்லி வைங்க... அவன் லீவுல இருக்கற அன்னிக்காவது அவங்கவங்க கையெழுத்தைப் போடட்டும்!”